அப்பாவின் இரண்டு முட்டை

துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற மூலையில், ஒரு தையல் மிஷினும் ஸ்டூலும் போட்டு உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதுப் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கவும் சட்டையின் இடுப்பைப் பிடிக்கவும் அவளிடம்தான் வர வேண்டும். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்பார்கள். தம்பி பிறந்த அன்று வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்குப் பிறகு அவள் வேறு எதுவாகவும் ஆகவில்லை. கல்யாணப் பேச்சு அம்மா இருந்தவரை இருந்தது. அம்மா போனதும் அதுவும் போய்விட்டது.

மற்றவர்கள் உடம்பைக் கண்ணாடியில் பார்ப்பார்கள், அவள் இஞ்ச் டேப்பில் பார்ப்பாள். வீட்டில் இரண்டு ஆண்கள். அப்பாவின் பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கை ஓய்வதற்குள் தம்பி சட்டையோடு வந்து நிற்பான். கை இறுக்குகிறதாம், பிரித்துவிட வேண்டுமாம். ஒரே மிஷினில் ஒருத்தருக்குப் பிடிப்பதும் ஒருத்தனுக்குப் பிரிப்பதுமாக ஒரு வருஷம் ஓடியது. அந்த வருஷத்தில் அவள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்டடைக்குச்சி என்று பெயர். படிப்பை விட்டான், பெயர் அவனை விடவில்லை. செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் ஒரு நாள் முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னால், மேல் தட்டிலிருந்து பெட்டியை எடுக்க அந்த ஒட்டடைக்குச்சியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே போய் ஜிம்மில் சேர்ந்தான். சேர்ந்ததில் தப்பில்லை. ரோஷம் இருக்கிறவன் சேரத்தான் செய்வான். சேர்ந்த இடத்தில் மாஸ்டர் இருந்தார், அதுதான் வினை.

மாஸ்டருக்குக் கழுத்து என்று ஒன்று கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். முட்டை, பருப்பு, பால், மீன் எல்லாம் பொறுமை இருக்கிறவர்களுக்கு, ரிசல்ட் வேண்டுமென்றால் புரோட்டீன் பவுடர் டப்பாதான் என்பது அவருடைய வேதம். டப்பாவை அவரே விற்றார். கறுப்பு நிறத்தில் குடம் பெரிசுக்கு இருக்கும். மேலே ஒரு மனிதனின் படம். அவனுக்குத் தலையே இல்லை, வெறும் உடம்புதான். வாங்குகிறவனுக்கும் தலை தேவையில்லை என்று நினைத்தார்களோ என்னவோ. சம்பளம் வந்த அன்றே தம்பி டப்பாவும் கையுமாக வந்துவிடுவான். அக்காதான் காலையில் அதைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும் என்பதால் டப்பா சமையலறை அலமாரியிலேயே இருக்கும்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரேக்கில் வைத்த வலது காலால் வேலைக்காலம் முழுக்க ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று பெருமை பேசுவார். அந்தக் காலில்தான் கட்டில் முனை பட்டது. சின்னக் கீறல். சர்க்கரை இருக்கிற உடம்பு, கீறல் புண்ணாகி, புண் குழியாகிவிட்டது. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டு மாற்ற வேண்டும். கட்டு மாற்றுகிற நர்ஸ் கண்டிப்பானவர். முதல் நாளே அக்காவை வாசலுக்கு அழைத்துச் சொல்லிவிட்டார்.

"மேல மருந்து போடறது என் வேலைம்மா. உள்ள இருந்து சதை வளரணும், அது உங்க கையிலதான் இருக்கு. தினம் ரெண்டு முட்டை, பருப்பு கெட்டியா, முடிஞ்சா மீன். இனிப்பு கண்ல காட்டாதீங்க. கால் நிக்கறதும் போறதும் சாப்பாட்டுல இருக்கு."

அக்கா அதை அப்படியே செய்தாள். காலையில் எழுந்ததும் முதல் வேலை இரண்டு முட்டை வேகவைப்பது. அப்பாவுக்குப் பல் செட் சரியாக உட்காராது. முட்டையின் மஞ்சள் கரு தொண்டையில் ஒட்டுகிறது என்பார், வெள்ளை ரப்பராக இருக்கிறது என்பார். ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்ச வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவள் கடைக்குத் தாமதமாகப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எத்தனையோ நாள். ஆனாலும் பலன் தெரிந்தது. இரண்டாம் மாதம் கட்டைப் பிரித்த நர்ஸ், புண்ணின் ஓரத்தில் சிவப்பாக முளைத்திருந்த புதுச் சதையைக் காட்டி, இதே மாதிரி விடாமல் கொடுங்கள், கால் தப்பித்துவிடும் என்றார். அப்பாவுக்கு அன்று ஒரே சந்தோஷம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று சொல்வது இவளைப் பார்த்துத்தான் போல.

தம்பி தினமும் டப்பா புராணம் படித்துக்கொண்டிருந்தான். இதில் ஒரு கரண்டி அஞ்சு முட்டைக்குச் சமம், நேராக ரத்தத்தில் கலக்கும், நேராகச் சதையில் போய் ஒட்டும். சதை என்ற சொல் அக்காவின் காதில் தங்கிவிட்டது. நர்ஸ் சொன்னதும் சதை, இவன் சொல்வதும் சதை. அஞ்சு முட்டையை ஒரு மடக்கில் குடிக்க முடியுமென்றால் எதற்கு இந்தக் கெஞ்சலும் தண்ணீரும்? புண் இன்னும் சீக்கிரம் ஆறுமே. ஒரு நாள் தம்பியிடம் கேட்டுவிட்டாள். அப்பாவுக்கும் தினம் ஒரு கரண்டி கலக்கட்டுமா என்றாள்.

தம்பி கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தான்.

"ஆணழகன் போட்டி வருதுக்கா. மாஸ்டர் ஒரு கரண்டிகூடக் குறையக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அப்பாவுக்குத்தான் முட்டை இருக்குல்ல?"

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அப்பாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி இறக்குவது அவன்தான். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேடையில் ஏறப் போகிறான், அவன் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அக்காவுக்கோ அவன் கேள்வி சுருக்கென்று தைத்தது. பெற்ற அப்பனுக்கு முட்டை, இவனுக்கு டப்பாவா என்று மனசுக்குள் கறுவினாள். சரி, நீ கொடுக்காவிட்டால் எனக்கு எடுக்கத் தெரியாதா என்று எடுக்கத் தொடங்கினாள்.

திருட்டிலும் அவளிடம் ஒரு நேர்மை இருந்தது. புது டப்பா வந்த அன்று, தம்பி வேலைக்குப் போனதும், சரிபாதியை எடுத்து ஒரு மூடி போட்ட பாட்டிலில் அப்பாவுக்கென்று கொட்டிக்கொள்வாள். குறைந்ததை நிரப்ப வேண்டுமே. கண்டதைப் போட்டுத் தம்பியை ஏமாற்ற மனசு வரவில்லை. சோயாவை வாங்கி வறுத்து அரைத்தாள், ஆடை நீக்கிய பால் பவுடரைக் கலந்தாள், நிறத்துக்குக் கொஞ்சம் கொக்கோ. டப்பாவில் கொட்டிக் குலுக்கினால் கண்டுபிடிக்க முடியாது. அதோடு, அவன் பங்கில் பாதியை எடுக்கிறோமே என்ற உறுத்தலுக்கு, அப்பாவின் இரண்டு முட்டையையும் அவனுக்கே உரித்து வைத்தாள். அப்பாவுக்கு இனி எதற்கு முட்டை? அவருக்குத்தான் அஞ்சு முட்டை ஒரு டம்ளரில் இருக்கிறதே. பருப்புக் கிண்ணமும் மெல்ல இடம் மாறியது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆரம்பமானது அங்கேதான்.

அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கெஞ்ச வேண்டியதில்லை, பல் செட் தேவையில்லை, மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். தித்திப்பாக இருக்கிறதே என்று ஒரு நாள் அவரே கேட்டார். அக்காவுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. டப்பாவில் சர்க்கரை சேர்க்கவில்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தம்பியிடம் சும்மா கேட்பது போலக் கேட்டாள். அது செயற்கை இனிப்பு, ஒன்றும் செய்யாது என்று மாஸ்டர் சொன்னதைச் சொன்னான். எழுத்திலும் இருக்கிறது, மாஸ்டரும் சொல்லிவிட்டார். இதற்கு மேல் ஒரு தையல்காரி எங்கே போய்க் கேட்பாள்? நர்ஸிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே சொன்னால், அப்பாவைத் தூக்கிவரும் தம்பியின் காதில் விழும். அதனால் சொல்லவில்லை.

அடுத்த மாதங்களில் தம்பி ஆளே மாறினான். டேப்பைக் கையில் சுற்றும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சட்டைக் கையில் தையலுக்கு விட்ட துணியெல்லாம் பிரித்து முடித்தாகிவிட்டது, இனிப் புதுச் சட்டைதான். டப்பா முன்பெல்லாம் அடியில் கட்டி கட்டியாகத் தங்கும், இப்போது நன்றாகக் கலக்கிறது, கம்பெனிக்காரன் தரத்தை உயர்த்திவிட்டான் என்று தம்பி மெச்சினான். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அவள் அழ வேண்டி வந்தது.

அப்பா பக்கம் டேப் வேறு கதை சொன்னது. இடுப்பு இளைத்துக்கொண்டே போனது. பேன்ட்டின் பின் பாக்கெட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிடித்தாகிவிட்டது. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஒவ்வொரு தடவையும் ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள், பிறகு ஊசி போட்டார்கள். திருட்டுத்தனமாக ஏதோ இனிப்புச் சாப்பிடுகிறார், வீட்டில் கவனியுங்கள் என்று நர்ஸ் கடுமையாகச் சொன்னார்.

அக்கா கவனித்தாள். தலையணை உறையைக் கழற்றி உதறினாள், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள், பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் தாத்தா பிஸ்கட் வாங்கிவரச் சொன்னாரா என்று விசாரித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் கோபம் இன்னும் கூடியது. ஒரு நாள், இந்த வயதில் வாயைக் கட்ட முடியவில்லையா, உங்களுக்காக நான் கடையில் பேச்சு வாங்குவது போதாதா என்று சத்தம் போட்டுவிட்டாள். அப்பா தலையை அசைத்து மறுத்தார்.

"நான் எதுவும் தின்னலம்மா. நீ குடுக்கறதுதான்."

அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? காது இருந்தும் அவளுக்குக் கேட்கவில்லை. பொய் வேறு சொல்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மறுநாள் காலை டம்ளரில் ஒரு கரண்டி கூடவே போட்டாள். புண் ஆறட்டும் என்றுதான் போட்டாள்.

சிவப்பாக முளைத்த சதை வெளுத்தது, பிறகு கறுத்தது. கட்டைப் பிரித்தால் அறையில் நிற்க முடியாத வாடை. டாக்டர் முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார். துணியில் சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டே வயிறு வளர்த்தவளுக்கு அந்தக் கோடு புரிய யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று நர்ஸ் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். ஆறிக்கொண்டு வந்த புண் இது, நடுவில் என்ன மாறியது, உண்மையைச் சொல்லுங்கள் என்றார். தம்பியும் பக்கத்தில் இல்லை. அக்கா சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். முட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டேன் சிஸ்டர், அதைவிட உசத்தியானது கொடுக்கிறேன் என்றாள். அதை நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார் நர்ஸ்.

மறுநாள் கட்டுப் போடும் அறையில், வெள்ளைத் தட்டில் நர்ஸ் ஒரு சிட்டிகைப் பவுடரைக் கொட்டினார். புண்ணுக்குப் போடுகிற அயோடினை எடுத்து அதன் மேல் சொட்டு விட்டார். பழுப்பாக விழுந்த சொட்டு, விழுந்த இடத்திலேயே மை கொட்டினது போல நீலமாகக் கறுத்தது.

"மாவுதாம்மா இது. கிழங்கு மாவோ சோள மாவோ, நிறைய கலந்திருக்கு. கூட சர்க்கரையும் இருக்கும்போல. இதையா காலையில முதல் வேலையா குடுத்தீங்க?"

அக்கா தட்டையே பார்த்தாள். பவுடர் முழுக்கக் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் நிலையைப் பார்த்து நர்ஸுக்கே மனசு இளகியிருக்க வேண்டும். இதனால்தான் கால் போகிறது என்று நான் சொல்ல மாட்டேன், சர்க்கரைக்காரர் கால், எப்படியும் போயிருக்கலாம் என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். போயிருக்கலாம் என்றால் போகாமலும் இருந்திருக்கலாம் என்றுதானே அர்த்தம்? அந்த நினைப்பு அவளை விடவே இல்லை.

காலை எடுத்த அதே வாரம் தம்பியின் போட்டி நடந்தது. ஜெயித்தான். உடம்பில் எண்ணெய் பூசின மினுமினுப்பு முழுசாகப் போவதற்கு முன்னால், கோப்பையை அப்பாவிடம் காட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். அப்பா மருந்து மயக்கத்தில் இருந்தார். வராந்தா பெஞ்சில் வைத்து அக்கா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாதி எடுத்ததை, சோயா அரைத்ததை, முட்டை இடம் மாறியதை, தட்டு கறுத்ததை. கோப்பை அவன் மடியில் இருந்தது.

"அப்ப நான் வளந்தது?"

"அப்பாவோட முட்டைல. அப்பாவோட பருப்புல. நான் அரைச்சு வெச்ச சோயால."

அவன் அழுதான். தேம்பித் தேம்பி, அத்தனை பெரிய உடம்பும் குலுங்க அழுதான். பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எத்தனை பெரிதானாலும் அவள் தூக்கி வளர்த்த முதுகு. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டவன், தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"வெளிய சொல்லாதக்கா. மாஸ்டர் என் போட்டோவ வாசல்ல மாட்டப் போறாரு. நாளைலேர்ந்து அங்கயே வேலைக்கு வரச் சொல்லிட்டாரு."

செல்போன் கடைக்குத் திரும்பிப் போனால் அவன் மறுபடி ஒட்டடைக்குச்சி. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஜிம் வாசலைப் பார்த்தாள். ஆளுயரப் படத்தில் தம்பி, கையில் கறுப்பு டப்பா. இந்த டப்பா, இந்த உடம்பு என்று எழுதியிருந்தது. உள்ளே போய் நாலு கேள்வி கேட்க அவளுக்கும் வாய் இருந்தது. கேட்டால், உன் அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று ஒருத்தன் திருப்பிக் கேட்பான். திருடனுக்குத் தேள் கொட்டினால் எங்கே போய்க் கத்துவான்? பேசாமல் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

அப்பா வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் அவருடைய பேன்ட்டுகளையெல்லாம் எடுத்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி மடித்துத் தைத்தாள். இத்தனை வருஷத்தில் அப்படியொரு ஆல்டரேஷன் அவளிடம் வந்ததில்லை. வெட்டின துண்டுகளை எறிய மனசில்லாமல் மடித்துப் பீரோவில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, எப்போதும் போல இரண்டு முட்டை வேகவைத்தாள். இனிமேல் எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் சரி என்று முடிவு செய்திருந்தாள். உரித்து, பல் செட்டுக்கு ஏற்றபடி பொடிப்பொடியாக நறுக்கி, மிளகுத்தூள் தூவிக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் கண் கிண்ணத்தைத் தாண்டி அவளுடைய இன்னொரு கையைத் தேடியது. அந்தக் கை வெறுமையாக இருந்தது.

"டம்ளர் எங்கம்மா?"

"இனிமே அது வேண்டாம்பா. முட்டை சாப்பிடுங்க."

"முட்டை இறங்காதும்மா. அந்த பவுடரையே கலக்கு. தம்பிக்கு உடம்பு எப்படிப் பிடிச்சிருக்கு பாத்தல்ல? எனக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான். இருக்கிற காலையாவது காப்பாத்தும்."

அக்கா கிண்ணத்தைக் கட்டிலில் வைத்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அதுல ஒண்ணுமே இல்லப்பா. அது வெறும் மாவு. எல்லாத்துக்கும் அதான் காரணம்."

அப்பா எல்லாம் புரிந்துவிட்டது போல மெதுவாகத் தலையாட்டினார். குரலைத் தாழ்த்தினார், உள்ளே ஜிம்முக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனுக்குக் கேட்கக் கூடாதென்று.

"தம்பிக்குப் பத்தலையா? அத நேராவே சொல்லலாமேம்மா, நான் என்ன தப்பாவா நெனைக்கப் போறேன். வளர்ற புள்ள, அவனுக்கே குடு."

இடது கையால் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு துண்டு முட்டையை எடுத்து வாயில் போட்டு, மெல்ல முடியாமல் மெல்ல ஆரம்பித்தார்.